வெண்டை முற்றுவதும் நார்க்கழிவு மக்காததும்

தேனி உழவர் சந்தையில் வெண்டைக்காய் வாங்க வரும் பெண்கள் விலை கேட்பதற்கு முன்பே நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். மளுக்கென்று ஒடிந்தால் கூடைக்குள் போகும். வளைந்து கொடுத்து நார் தொங்கினால் காயைப் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்து விடுவார்கள். ஒரு நாள் பறிப்பு தவறியதற்கு விவசாயி கொடுக்கும் விலை அது.

முருங்கையிலும் இதே கதைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடி முருங்கை இன்று தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. அதன் காயும் பருவம் தாண்டினால் சாப்பிடுகிறவர் சக்கையை மென்று துப்ப வேண்டியதுதான். காய் முற்றிவிட்டது என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறோம். முற்றுதல் என்றால் காய்க்குள் என்ன நடக்கிறது?

முற்றும்போது செடியின் நார்ச் செல்களின் சுவரில் ஒரு பொருள் படிகிறது. அதற்கு லிக்னின் என்று பெயர். லத்தீன் மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 1813இல் டி கண்டோல் என்ற தாவர அறிஞர் இந்தப் பெயரை உண்டாக்கினார். உலகில் தாவரங்கள் உண்டாக்கும் பொருள்களில் செல்லுலோஸ் முதலிடம் என்றால், அடுத்த இடத்தில் வருவது இதுதான். மரக்கட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு லிக்னின்.

பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் நெல் சாய்வது, வைக்கோலை மாடு ஒதுக்குவது, தக்கைப்பூண்டை எந்த நாளில் மடக்கி உழுவது, தென்னை நார்க்கழிவு வருஷக் கணக்கில் மக்காமல் கிடப்பது ஆகிய எல்லாவற்றிலும் இந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. இதன் போக்கைத் தெரிந்து கொண்டால் சில இடங்களில் கைக்காசு மிஞ்சும்.

வரிச்சு வைத்த சுவர்

பழைய மண் வீட்டுச் சுவரை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில் குச்சிகளை நட்டு வரிச்சு கட்டுவார்கள். வரிச்சை நாரால் பிணைப்பார்கள். அதன் மேல் மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். செடியின் செல் சுவரும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது. வரிச்சாக இருப்பது செல்லுலோஸ். பிணைக்கும் நாராக இருப்பது ஹெமிசெல்லுலோஸ். இரண்டுக்கும் இடையே புகுந்து இறுகும் மண் பூச்சுதான் லிக்னின். 1838இல் பிரான்சு நாட்டின் பேயன் என்ற வேதியியல் அறிஞர் மரத்தூளை அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றிப் பதப்படுத்தி, வரிச்சு வேறு பூச்சு வேறு என்று முதன்முதலில் பிரித்துக் காட்டினார்.

பூச்சு இல்லாத வரிச்சு எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலைகளில் ஓடும் பருத்திப் பஞ்சு ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ்தான். லிக்னின் இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் முறுக்கினால் நூலாகிறது, துவைத்தால் தாங்குகிறது. போடி, வருசநாட்டுப் பக்கத்து மலையடிவாரங்களில் காய்க்கும் இலவம் பஞ்சில் லிக்னின் கணிசமாக உண்டு. உள்ளே குழலாகவும் மேலே மெழுகு பூசியதாகவும் இருப்பதோடு இதுவும் சேர்ந்து கொள்வதால் இலவம் பஞ்சு வழுக்கும், எளிதில் முறியும். தனியாக நூற்க வராது. தலையணைக்கும் மெத்தைக்கும்தான் போகிறது.

பெரியவர்கள் "வைரம் பாய்ந்த கட்டை" என்று சொல்வதும் லிக்னினைத்தானா என்று கேட்கலாம். முழுவதும் அல்ல. லிக்னின் வெளிக்கட்டையிலும் உண்டு. உள்ளே சேகு கறுத்து வைரம் பாயும்போது பிசினும் துவர்ப்புப் பொருள்களும் கூடுதலாகச் சேருகின்றன. கறையான் அந்தக் கட்டையை ஒதுக்குவதற்கு அவையே பெரிய காரணம்.

செடி இதை எப்படிச் செய்கிறது?

இலை வெயிலில் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி செல்லுக்குள் பல படிகள் கடந்து பினைல்அலனின் என்ற அமினோ அமிலமாக மாறுகிறது. பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தில் இருப்பதும் இதே பொருள்தான். நிலத்துச் செடிகள் காற்றிலிருந்து பிடிக்கும் கரியில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இந்த ஒரு வழியாகவே போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி அடைப்புப் போடுவது சரியாக இந்த வழியில்தான். மனிதனுக்கும் மாட்டுக்கும் உடலில் இந்த வழியே கிடையாது. பினைல்அலனினை நாம் சாப்பாட்டிலிருந்துதான் பெற வேண்டும்.

அடுத்த படியில் செடி ஒரு சிக்கனம் செய்கிறது. பினைல்அலனினில் தழைச்சத்து இருக்கிறது. ஒரு நொதி அதைக் கழற்றி அம்மோனியாவாக எடுத்துவிடுகிறது. செடி அந்த அம்மோனியாவைத் திரும்பப் பிடித்து மறுபடி பயன்படுத்திக் கொள்கிறது. ஆகவே லிக்னினில் தழைச்சத்து கிடையாது, வெறும் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நார்க்கழிவு பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

தழைச்சத்து கழன்ற பிறகு எஞ்சிய வளையத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்து மூன்று வகைக் கற்கள் தயாராகின்றன. கூமரில், கோனிஃபெரில், சினாபில் ஆல்கஹால் என்பவை அவற்றின் பெயர்கள். வளையத்தின் ஓரத்தில் மெதாக்சில் என்ற கொத்து ஒன்றும் இல்லாதது முதல் வகை, ஒன்று உள்ளது இரண்டாவது, இரண்டு உள்ளது மூன்றாவது. பைன் போன்ற ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் இரண்டாவது கல்லை வைத்தே கட்டுகின்றன. வேம்பு, புளி போன்ற அகன்ற இலை மரங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்க்கின்றன. நெல், கரும்பு, சோளம் ஆகிய புல்லினங்களில் மூன்றும் உண்டு. அத்துடன் ஃபெருலிக் அமிலம் என்ற ஒன்று லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் கொக்கி போட்டு இணைக்கிறது. வைக்கோலுக்கு யூரியா தெளிக்கும் முறை பலிப்பதற்கு இந்தக் கொக்கிதான் காரணம்.

கற்கள் செல்லுக்குள் தயாராகி வெளியே சுவருக்குப் போகின்றன. அங்கே லாக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகள் ஒவ்வொரு கல்லையும் சூடேற்றியது போல் துடிப்பாக்குகின்றன. துடிப்பான கல், பக்கத்தில் எது அகப்பட்டாலும் அதோடு ஒட்டிக் கொள்ளும். இந்த இடத்தில் கொத்தனாரும் இல்லை, வரைபடமும் இல்லை. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வேலை செய்த ஃபிராய்டன்பர்க் என்ற அறிஞர் சென்ற நூற்றாண்டின் நடுவில் இந்த ஒட்டும் முறையைப் பரிசோதனைக் குழாயில் செய்து காட்டினார். ஒட்டும் விதங்களில் ஆக்சிஜன் பாலம் போட்டு இணைவதே அதிகம், ஏறக்குறைய பாதி அல்லது அதற்கு மேல். மற்றவை கரியும் கரியும் நேராகக் கோத்துக் கொண்டவை. இவற்றைப் பிரிப்பது இன்னும் கடினம்.

செல்லுலோஸ் ஒரே மாதிரி மணிகளைக் கோத்த சங்கிலி. ஒரு மணியை அறுக்கத் தெரிந்த நுண்ணுயிர் முழுச் சங்கிலியையும் அறுத்துவிடும். லிக்னின் அப்படி அல்ல. வேலி அடைக்க வெட்டிப் போட்ட சீமைக்கருவேல் முள் குவியலை நினைத்துப் பாருங்கள். ஒரு கிளையைப் பிடித்து இழுத்தால் ஒன்பது கிளை கூட வரும். எங்கே பிடித்தால் பிரியும் என்று முறை கிடையாது. லிக்னின் மக்காமல் கிடப்பதற்கு அடிப்படை இதுதான்.

சுவர் முழுவதும் இறுகியதும் அந்தச் செல் பெரும்பாலும் செத்துவிடுகிறது. செத்த பிறகுதான் அதற்கு வேலையே ஆரம்பம்.

சக்ஷன் குழாயும் டெலிவரி குழாயும்

பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். டெலிவரிப் பக்கம் மெல்லிய துணிக் குழாய் போட்டாலும் தண்ணீர் ஓடும். சக்ஷன் பக்கம் அதே குழாயைப் போட்டால் சப்பையாக ஒட்டிக் கொள்ளும். அங்கே வளையம் வைத்த விறைப்பான குழாய் வேண்டும். செடியில் தண்ணீர் கீழிருந்து தள்ளப்பட்டு ஏறுவதில்லை. இலையிலிருந்து ஆவியாகும் நீர் மேலிருந்து இழுக்கிறது. ஆகவே செடியின் நீர்க் குழாய் அத்தனையும் சக்ஷன் குழாய்கள். லிக்னின் சரியாகப் படியாத மரபுக் குறையுள்ள செடிகளைச் சோதனைச்சாலையில் அறுத்துப் பார்த்தால் இந்தக் குழாய்கள் சப்பி ஒடுங்கிக் கிடப்பது தெரியும். அறுபதடித் தென்னையின் உச்சிக்குத் தண்ணீர் போவதற்கு இந்த விறைப்பு வேண்டும்.

வாழை இதற்கு நேர்மாறு. அது மரம் அல்ல, நாம் தண்டு என்று சொல்வது ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றிய இலைமட்டை. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். மட்டை நாரில் கொஞ்சம் லிக்னின் உண்டே தவிர, தாங்கும் கட்டை எதுவும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று கணவாய் வழியே இறங்கும்போது ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழலும், தார் போட்ட வாழை இடுப்பொடியும். முட்டுக்கழி என்று கிராமத்தில் சொல்வது, வாழையிடம் இல்லாத லிக்னினை வேறொரு மரத்திலிருந்து கடன் வாங்கிக் கொடுப்பதுதான்.

நெல் படுத்தால்

பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் வருகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல் போகம் அறுவடைக்கு நிற்கும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் நெருங்கி வருகின்றன. அந்த நேரத்தில் ஒரு பெருமழை போதும், கதிர் முற்றிய வயல் பாயாக விரிந்துவிடும். படுத்த நெல்லில் கதிர் நனைந்து முளைக்கிறது. அறுவடை எந்திரம் மெதுவாகத்தான் போக முடியும். வாடகை மணிக்கணக்கு என்பதால் செலவும் ஏறுகிறது.

நெல் தாளின் அடிக்கணுக்கள் எவ்வளவு குட்டையாகவும் தடித்த சுவரோடும் இருக்கின்றனவோ அவ்வளவு தாங்கும். சுவரின் தடிப்புக்குச் செல்லுலோஸ், லிக்னின், மணலில் உள்ள சிலிக்கா மூன்றும் சேர வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் என்ன ஆகிறது? பயிர் கறுகறுவென்று வளர்கிறது, ஒன்றுக்கொன்று நிழல் தட்டுகிறது. அடிக்கணு வெயில் தேடி நீளுகிறது. சர்க்கரை தழைக்குப் போய்விடுவதால் சுவருக்குப் பூச்சு குறைகிறது. பார்வைக்குச் செழிப்பு, காலில் பலம் இல்லை.

இதற்குப் புது மருந்து எதுவும் தேவையில்லை. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் போட வேண்டும். சாம்பல் சத்தைத் தவிர்க்கக் கூடாது. நடவை நெருக்கக் கூடாது. வெள்ளைப் பொன்னி மாதிரி உயரமாக வளரும் ரகம் வைப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும். அந்த ரகம் சாயும் என்பது தெரிந்தே, அரிசி விலைக்காக வைக்கிறோம். தெரிந்து வைக்கும்போது யூரியாவில் தாராளம் காட்டுவது சரியல்ல.

மாடு ஏன் ஒதுக்குகிறது?

மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் செல்லுலோஸை அறுத்துத் தீவனமாக்கும். ஆனால் லிக்னினை அவற்றால் தொட முடியாது. லிக்னினை உடைக்க ஆக்சிஜன் வேண்டும், இரைப்பைக்குள் ஆக்சிஜன் இல்லை. லிக்னின் பூசிய வரிச்சு மாட்டின் வயிற்றில் அப்படியே போய்ச் சாணியில் வந்துவிடுகிறது.

கம்பு நேப்பியர் போட்டிருப்பவர்கள், "இன்னும் பத்து நாள் விட்டால் எடை கூடுமே" என்று நினைப்பது இயற்கை. எடை கூடும், ஆனால் கூடுவதில் பெரும் பங்கு தண்டு. முதல் வெட்டுக்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு முறை அறுக்கச் சொல்வது இதற்காகவே. பச்சைத் தீவனச் சோளத்தையும் பூ வரும் பருவத்தில் அறுத்துவிட வேண்டும்.

இயற்கையிலேயே லிக்னின் குறைந்த செடிகளும் உண்டு. 1924இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் மக்காச்சோளத்தில் இலையின் நடுநரம்பு பழுப்பாக உள்ள செடிகளைக் கண்டார்கள். மாடு அவற்றை நன்றாகச் செரித்தது. 1978இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் சோளத்திலும் இத்தகைய செடிகளை உண்டாக்கினார்கள். ஆனால் தண்டு பலம் குறைந்ததால் சாயும் தொல்லையும் கூடவே வந்தது. மாட்டுக்கு நல்லதாகவும் காற்றுக்குத் தாங்குவதாகவும் ஒரே செடி இருக்க வேண்டும் என்றால் கடினம்தான்.

வைக்கோலைப் பொறுத்தவரை நம் கையில் உள்ள எளிய வழி யூரியா ஊட்டம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, நன்றாக மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா மேலே சொன்ன ஃபெருலிக் கொக்கிகளைக் கழற்றிவிடுகிறது. லிக்னின் அங்கேயேதான் இருக்கும், ஆனால் பிடி தளர்ந்துவிடும். நுண்ணுயிர் உள்ளே புகுந்து செல்லுலோஸை எட்டிவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. வாளியைக் கொட்டிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 21 நாளுக்குப் பின் எடுக்கும் வைக்கோலை உதறிக் காற்றாட விட்டு, வாடை போன பிறகே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது.

பசுந்தாள் உரத்திலும் நாள் கணக்கு முக்கியம். சணப்பு, தக்கைப்பூண்டை 40 முதல் 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். டிராக்டர் கிடைக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டால் தண்டு கட்டையாகிவிடும். நடவுக்குப் பிறகும் அந்தக் கட்டை மக்காமல் சேற்றில் காலைக் குத்தும். தண்ணீர் முறையோடு நாளைப் பொருத்திக் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டு விதைப்பதுதான் வழி.

நார்க்கழிவு

பள்ளத்தாக்கில் தென்னை பெருகியதோடு மட்டை உடைத்துக் கயிற்றுநார் எடுக்கும் வேலையும் பெருகியிருக்கிறது. நாரை எடுத்த பின் உதிரும் சோறு மலையாகக் குவிகிறது. இதில் நூற்றுக்கு முப்பது பங்கு லிக்னின். கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112க்கு 1. இலவசமாகக் கிடைக்கிறதே என்று இதைப் பச்சையாக அள்ளி வயலில் கொட்டிவிட்டு, அந்த வருஷம் பயிர் மஞ்சளாகிப் போனதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. காரணம் முன்பு சொன்னதுதான். லிக்னினில் தழைச்சத்து இல்லை. கழிவைத் தின்ன வரும் நுண்ணுயிர் தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து, அதாவது பயிரின் பங்கிலிருந்து எடுத்துக் கொள்கிறது. கழிவிலுள்ள துவர்ப்புச் சாறும் இளம் வேரைப் பாதிக்கும்.

முள் குவியலைப் பிரிக்கத் தெரிந்த உயிர் ஒன்று உண்டு. அது காளான். மழைக்காலத்தில் பட்ட மரத்தில் வெள்ளையாகப் பூத்து, கட்டையைப் பஞ்சு போல் ஆக்கிவிடுமே, அந்த இனம். 1983இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதற்கான நொதியைக் கண்டுபிடித்தன. அந்த நொதி எந்தக் கொக்கியையும் தேடுவதில்லை. எதிரே உள்ளதிலிருந்து மின்னணுவைப் பிடுங்கி, லிக்னினைத் தானே சிதறச் செய்கிறது. ஒழுங்கில்லாமல் கட்டியதை ஒழுங்கில்லாமலே உடைக்கிறது. நாம் வைக்கோலில் வளர்த்துச் சாப்பிடும் சிப்பிக்காளானுக்கும் இந்த வித்தை தெரியும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை இதை வைத்ததுதான். நிழலான மேட்டு இடத்தில் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்ப வேண்டும். அதன் மேல் ஒரு புட்டி சிப்பிக்காளான் வித்தைத் தூவ வேண்டும். மேலே இன்னொரு 100 கிலோ பரப்பி அதன் மேல் ஒரு கிலோ யூரியா. இப்படி வித்தும் யூரியாவும் மாறி மாறி வர ஒரு டன் வரை அடுக்கலாம். மொத்தம் 5 புட்டி வித்து, 5 கிலோ யூரியா. யூரியா பயிருக்கு அல்ல, காளானுக்கு. குவியலில் ஈரம் காயக் கூடாது. அதே சமயம் தண்ணீர் தேங்கவும் கூடாது, தேங்கினால் காற்று அடைபட்டு வேலை நின்றுவிடும். சுமார் 60 நாளில் கறுப்பாக, மண் வாசனையோடு வந்துவிடும். லிக்னின் முப்பதிலிருந்து ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. கரி விகிதம் 24க்கு 1 ஆகிறது. இப்போது வயலில் போடலாம்.

திராட்சைக் கவாத்துக் குச்சிகளை என்ன செய்வது என்று பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர்கள் கேட்பதுண்டு. நன்றாக முற்றிப் பழுப்பேறிய குச்சி நாற்றுக்கு உதவும். பச்சைக் குச்சி அழுகிப் போகும். மிச்சத்தைப் பொடியாக வெட்டினால் இதே முறையில் மக்கும், ஆனால் நார்க்கழிவைவிட நாள் கூடுதலாகும். குச்சி எவ்வளவு பொடியோ காளானுக்கு அவ்வளவு சுலபம்.

கையில் உள்ள இந்தச் செய்தித்தாளையே ஒரு வாரம் வெயில் படும் ஜன்னலில் வைத்துப் பாருங்கள். பழுப்பாகிவிடும். செய்தித்தாள் காகிதத்தில் விலை கருதி லிக்னினை முழுவதும் நீக்குவதில்லை, அது வெயிலில் நிறம் மாறுகிறது. நோட்டுப் புத்தகத் தாளில் நீக்கிவிடுகிறார்கள், அதனால் பல வருஷம் வெள்ளையாக இருக்கிறது.

நார்க்கழிவு அடுக்க நினைப்பவர்கள் முதலில் அரை டன் மட்டும் போட்டுப் பார்க்கலாம். வித்து வாங்கும்போது புட்டிக்குள் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் அது வேறு பூஞ்சாணம், வேண்டாம். குவியலைக் கையால் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் சரி.